ஆயிரம் போட்டால் ஆயிரம் போனஸ்... கையில் வருமா?

கடத்தூரில் மொரப்பூர் பஸ்ஸுக்கு நிற்பவரின் போனிலும் வந்து விழுகிறது அந்த ஆன்லைன் கேசினோ விளம்பரம்: ‘ஆயிரம் போடுங்க, ஆயிரம் போனஸ்!’ கீழே பொடி எழுத்தில், ‘30 மடங்கு வேஜரிங்’.

அதாவது, 30,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்டி முடித்தால்தான் பணத்தை வெளியே எடுக்க முடியும். ஸ்லாட் கேமில் கம்பெனியின் பங்கு 4% என்று வைத்துக்கொண்டால், 30,000-க்குச் சராசரி இழப்பு 1,200 ரூபாய். அவங்க கொடுத்ததே ஆயிரம்தானே! டெபாசிட்டையும் சேர்த்து 30 மடங்கு கேட்கும் தளங்களில் கட்ட வேண்டியது 60,000. ஒற்றைப் பூஜ்ய ரூலெட்டில் கம்பெனியின் பங்கு 2.7%தான். ஆனால், அங்கே கட்டும் 100 ரூபாயில் பெரும்பாலும் 10, 20 ரூபாயைத்தான் கணக்கில் சேர்ப்பார்கள். இதுல ஏழு நாள், முப்பது நாள்னு கெடு வேற.

இதை ‘இலவசம்’ என்பது பச்சைப் பொய்.

சரி, ஜெயித்த பணம் வரலைன்னா யாரிடம் கேட்பது? தமிழ்நாட்டின் 2022-ம் ஆண்டுச் சட்டப்படி, ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை. ஆனால், நடத்துபவர் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் வெளிநாட்டில். புகார் எழுதப் போகிறவர் மட்டும்தான் கடத்தூரில் இருக்கிறார்.