சப்பாத்திக்கு லீவு... 15 நிமிடத்தில் லெட்யூஸ் ராப்!

கொரியன் சீரியல்களில் இலையில் கறியைச் சுருட்டி ஒரே வாயில் போடுவார்களே, கிட்டத்தட்ட அதுதான் இது. ஒரு சப்பாத்தியில் சுமார் 15 கிராம் மாவுச்சத்து இருக்கும். ஒரு லெட்யூஸ் இலையில் ஒரு கிராம்கூடத் தேறாது.

இரண்டு பேருக்கு 150 கிராம் பனீர் போதும். இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் இஞ்சி, பூண்டு, வெங்காயம், குடமிளகாயை வதக்கி, உதிர்த்த பனீர், உப்பு, மிளகுத்தூள் சேர்த்துப் பிரட்டுங்கள். பனீருக்குப் பதில் மூன்று முட்டையைப் பொரியலாக்கியும் வைக்கலாம். தக்காளி மட்டும் வேண்டாம், நீர் விட்டுக்கொள்ளும்.

பலரும் சொதப்புவது இலையில்தான். பச்சையாகச் சாப்பிடுவதால் ஓடும் தண்ணீரில் ஒவ்வொன்றாக அலசி, துணியில் ஒற்றி ஈரம் போக எடுக்க வேண்டும். பூரணமும் ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு வைத்தால் இலை துவண்டு, உள்ளே இருப்பதெல்லாம் தட்டில் கொட்டிவிடும். இரண்டு இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சுருட்டினால் கிழியாது. எலுமிச்சைச் சாற்றைக் கடைசியில் பிழியுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். வழக்கமான நாலு இட்லியைத் திடீரென நிறுத்திவிட்டு, மருந்தை மட்டும் அதே அளவில் எடுத்தால் தூக்கத்திலேயே சர்க்கரை அளவு இறங்கிவிடலாம். வியர்வை, படபடப்பு, நடுக்கம் அதன் அறிகுறிகள். டாக்டரிடம் கேட்டுவிட்டே மாற்றுங்கள்.

ஊரில் லெட்யூஸ் கிடைக்கவில்லையா? முட்டைகோஸின் பெரிய இலைகளைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, நடுத்தண்டைச் சீவிவிட்டால் நன்றாகவே சுருளும்.