நாறும் வரைக்கும் நம்ம ஆறு

சென்னையில் இயற்கையைக் காப்பாற்ற வேண்டும் என்கிறார்கள். நல்லது. யாரிடமிருந்து என்று கேட்டால், விரல் நேராகக் கூவம் கரைக் குடிசையைக் காட்டுகிறது. கரையில் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சியவள் ஆற்றைக் கொன்றுவிட்டாளாம். நகரத்துச் சாக்கடையை ஆற்றில் இறக்கியவர்கள் அதைக் காப்பாற்ற வருகிறார்களாம். தலித்துகளுக்கு இந்த நியாயம் புதுசா? அழுக்கை அள்ளுகிறவனையே அழுக்கு என்று ஒதுக்கிய பழைய நியாயம்தானே இது!

நான் அரியக்குடிக்காரன். செட்டிநாடு என்றதும் படித்தவர்களுக்கு ஆத்தங்குடித் தரைக்கல்லும் தேக்குத் தூணும் ஊருணியும் நினைவுக்கு வரும். ஊருணியைப் பாரம்பரிய நீர் மேலாண்மை என்று புகழ்ந்து கட்டுரை எழுதுகிறார்கள். ஊர் உண்ணும் நீராம். எந்த ஊர்? ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்த நாட்டில் ஊருணி மட்டும் எப்படி எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்? எங்கள் பக்கத்தில் குடிக்கிற தண்ணீரில் நம் கால் பட்டால் தீட்டு. கம்மாய் உடைப்பெடுத்தால் நடுராத்திரியில் மண்வெட்டியோடு ஓடுவதற்கு மட்டும் நம் கால் வேண்டும். மடை திறக்கிறவன், கரை கட்டுகிறவன், கலுங்கில் காவல் கிடக்கிறவன் நம்மாள். அந்தத் தண்ணீர் பாய்கிற வயல் அவனுக்குக் கிடையாது.

1930-ல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஹட்டன் தன் நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். எங்கள் சிவகங்கைச் சீமையும் அன்று அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தது. எட்டில் ஒன்று: ஆதிதிராவிட ஆண்கள் வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பு போடக் கூடாது. வெயிலும் மழையும் எல்லாருக்கும் பொது என்று பாட்டுக் கட்டலாம். நம் பாட்டன்மார் தலைக்கு மேலே வெயிலுக்கும் சாதி இருந்தது.

அதற்குத் தப்பித்தான் நம் சனம் பட்டணம் போனது. கிராமம் என்பது சாதியின் கொட்டடி, அதை விட்டு வெளியேறு என்றார் அம்பேத்கர். வெளியேறியவர்களுக்குப் பட்டணம் கொடுத்த இடம் எது? மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன கூவம் கரை, அடையாற்றங்கரை, பக்கிங்காம் கால்வாய்க் கரை. மீனவர்களும் இசுலாமியக் கூலிகளும் அங்கே உண்டு. ஆனால் அதிகமும் நம் ஆட்கள். ஆறு நாறிக்கொண்டிருந்த காலம் முழுக்க அது நம்ம ஆறாக இருந்தது. படகு விடலாம், பூங்கா வைக்கலாம், நடைபாதை போடலாம் என்று திட்டம் வந்த அன்றைக்கு நாம் ஆக்கிரமிப்பாளர் ஆனோம்.

சென்னையில் நீர்நிலையை ஆக்கிரமித்தவர்கள் யார் என்று கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். மாம்பலத்து நீண்ட ஏரி 1920-களிலிருந்து தூர்க்கப்பட்டுத்தான் தியாகராய நகர் உருவானது. ஏரி போய்விட்டது, லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் மிச்சம். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழும்பியது. மயிலாப்பூர்ப் பக்கம் பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே ஊன்றி நிற்கின்றன. கால்வாய்க்குள் தூண் நின்றால் வளர்ச்சி. கால்வாய்க் கரையில் குடிசை நின்றால் ஆக்கிரமிப்பு!

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்தச் சொல்லுக்குக் கூடுதல் பலம் வந்தது. வெள்ளத்தில் செத்துப்போவீர்கள், உங்கள் நன்மைக்குத்தான் எடுக்கிறோம் என்றார்கள். கூவம் சீரமைப்புக்காகப் பட்டியலிட்ட குடும்பங்கள் மட்டும் 14,000-க்கு மேல். வெள்ளத்திலிருந்து காப்பாற்றி எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? ஏற்கெனவே கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் இருந்தன, பிறகு பெரும்பாக்கம். எல்லாம் தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் வந்து சேர்கிற பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000-க்கு மேற்பட்ட வீடுகள். 2015-லும் 2023-லும் அந்தப் பக்கமும் வெள்ளம் சூழ்ந்தது. ஆற்றைக் காப்பாற்றுவதற்காகச் சதுப்பைக் கெடுப்பது என்ன இயற்கைப் பாதுகாப்பு? 2022-ல் அதே பள்ளிக்கரணைக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. நாளை சதுப்பைக் காப்பாற்ற வேண்டும் என்று இவர்களே கிளம்புவார்கள். அப்போது யார் ஆக்கிரமிப்பாளர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அங்கே குடியிருக்கிற எங்கள் அயித்தை ஒருத்தி கேட்டாள்: "ஊருல மேட்டுல அவுக, பள்ளத்துல நாம. இங்கனயும் பள்ளந்தானப்பா? என்ன, பள்ளத்துக்குள்ள எட்டு மாடி கட்டி வச்சிருக்காக. நாலு வீட்டுல பத்துப் பாத்திரம் தேச்சுப் பொழச்சேன். இப்ப பஸ்ஸுலயே விடிஞ்சு பஸ்ஸுலயே அடையுது." நகர வடிவமைப்பு பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

இராஜா அண்ணாமலைபுரம் என்ற பெயர் எங்கள் செட்டிநாட்டு அரசருடையது. அடையாறு முகத்துவாரத்தை ஒட்டி அவர்கள் அரண்மனை நிற்கிறது. பக்கத்தில் 58 ஏக்கரில் 2011-ல் திறந்த பூங்கா இருக்கிறது. அதே இராஜா அண்ணாமலைபுரத்தில், கால்வாய்க் கரையிலிருந்த கோவிந்தசாமி நகரை 2022 மே மாதம் இடித்துக்கொண்டிருந்தபோது ஒரு மனிதர் தன்னைத்தானே கொளுத்திக்கொண்டு செத்தார். ஊரில் மாளிகை ஓரிடம், சேரி ஓரிடம். பட்டணத்திலும் அதே வரைபடம்தான்.

இந்த நகரத்தின் சாக்கடைக்குள் இறங்கிச் சாகிறவர்கள் யார்? மலம் அள்ளும் தொழிலைத் தடுக்கும் சட்டம் 2013-ல் மறுபடியும் வந்தது. சாவுக்குப் 10 லட்சம் என்று 2014-லும், 30 லட்சம் என்று 2023-லும் உச்ச நீதிமன்றம் சொன்னது. தொகை ஏறுகிறது, சாவு நிற்கவில்லை. கழிவுக்குள் இறங்க நாம் வேண்டும். கழிவு போன பிறகு கரையில் உட்கார்ந்து காற்று வாங்க நாம் கூடாது.

சூழல் இயக்கத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு நாசமானதில் உங்களைவிட எங்களுக்கு நட்டம் அதிகம். கொசுவும் காலராவும் முதலில் எங்களிடம்தான் வந்தன. பறவைகளை எண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பஞ்சமி நிலத்தையும் சேர்த்து எண்ணுங்கள். 1892-ல் ஆணை பிறந்து செங்கற்பட்டில் நமக்குக் கொடுத்த நிலம் இன்று யார் கையில்? 1994-ல் காரணையில் அதைத் திருப்பிக் கேட்டதற்குச் செங்கற்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். பட்டணத்தைச் சுற்றி அந்த நிலம் நம் கையிலேயே இருந்திருந்தால் எவன் கூவம் கரையில் கொசுக்கடியில் படுத்திருப்பான்?

நீர்நிலைமேல் நிற்கிற கட்டடங்களைப் பெரிசிலிருந்து சிறிசாகப் பட்டியல் போடுங்கள். இடிப்பதை மேலேயிருந்து தொடங்குங்கள். முதலில் சாக்கடைக் குழாயை அடையுங்கள், அப்புறம் குடிசையைப் பற்றிப் பேசலாம். எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், வேலைக்கு நடந்து போகிற தூரத்தில், அதே பகுதியில் வீடு கொடுங்கள். எங்கள் காரைக்குடியும் 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. கம்மாய்க் கரையில் அழகு பார்க்க இங்கேயும் ஆள் வருவார்கள். இதை இப்போதே சொல்லி வைக்கிறோம்: ஆறும் கம்மாயும் சுத்தமாகட்டும். சுத்தமான பிறகும் நாங்கள் கரையில்தான் இருப்போம்.