முப்பது மைலுக்கு ஒரு துறை

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரி, பெயரளவில்தான் ஏரி. சுமார் 58,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. நின்று பார்த்தால் எதிர்க்கரை தெரியாது. மேல்காற்று வலுத்தால் கிழக்குக் கரையோரம் போகும் பாய்மரப் படகைக் கரைமேலேயே தள்ளிவிடும். ஒதுங்க இடம் வேண்டும்.

இதற்காகவே மிச்சிகன் மாநிலம் 1947-இல் நீர்வழி ஆணையம் அமைத்தது. கரை நெடுக ஏறக்குறைய 30 மைலுக்கு ஒரு புகலிடத் துறை என்பது இலக்கு. பணக்காரர் பொழுதுபோக்குக்கு அரசுப் பணமா? படகுப் பதிவுக் கட்டணமும் எரிபொருள் வரியின் ஒரு பங்கும்தான் இத்துறைகளுக்கான நிதிக்கு முக்கியமாகப் போகின்றன. நியாயமான ஏற்பாடு.

பலன் படகுக்காரர்களோடு நிற்கவில்லை. துறையில் இறங்குபவர் ஊருக்குள் நடக்கிறார், சாப்பிடுகிறார், உள்ளூர் பீர் கேட்கிறார். கரையோர ஊரான கிராண்ட் ஹேவனில் பழைய பியானோ தொழிற்சாலைக் கட்டடத்தில் ‘ஆட் சைட் ஏல்ஸ்’ மதுவடிப்பகம் இயங்குகிறது. அதே கரையில், மரத்தொழிலும் வார்ப்பாலைகளும் வாழவைத்த ஊர் மஸ்கீகன். அங்கிருந்த ‘பிஜன் ஹில்’ மணற்குன்றை வார்ப்பு மணலுக்காகவே சுரண்டித் தீர்த்தார்கள். இன்று அந்தப் பெயர் ஒரு மதுவடிப்பகத்தின் பலகையில் இருக்கிறது. (குன்று இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.)

ஆனால் துறைக்குத் துறை படகில் போய் பீர் சுவைக்கும் பயணத்தைப் புகழும் சுற்றுலா விளம்பரங்கள் ஒன்றை அடக்கி வாசிக்கின்றன. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கணக்கில், உயிர்ப்பலி வாங்கும் படகு விபத்துகளுக்குத் தெரிந்த காரணங்களில் முதலிடம் மதுவுக்குத்தான். எனவே கயிறு கட்டி, இரவுத் தங்கலை உறுதிசெய்த பிறகே முதல் கோப்பை. மறுநாள் காலை பாய் விரிப்பவர் முந்தின இரவே நிறுத்திக்கொள்ளட்டும்.