ஒட்டுவதற்கு ஒரே ஒரு ‘19’!

2005, மார்ச் 6. மெல்போர்ன் நகரில் மஞ்சள் நிற ஜோர்டான் காரில் ஏறி, ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார் நம்ம கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன். கார் எண் 19. அதே ஆண்டு ஜூன் 19-ம் தேதி அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் நான்காவதாக வந்து 5 புள்ளிகளும் எடுத்தார். டயர் பிரச்னையால் மிச்சிலின் டயர் அணிகள் எல்லாம் விலகிக்கொள்ள, அன்று ஓடியதே ஆறு கார்கள்தானே என்று சிலர் இன்னமும் முணுமுணுப்பார்கள். இருக்கட்டுமே, புள்ளி புள்ளிதான்!

அந்தக் காரை 43-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் நீளம் சுமார் 11 செ.மீ. உள்ளங்கையில் அடங்கிவிடும். மூக்கில் ஒட்ட வேண்டிய ‘19’, ஒரு துவரம் பருப்பு அளவுதான். மாடல் கார் செய்பவர்களுக்கு நெஞ்சு படபடக்கும் இடம் இது. பழைய கார்களுக்கான டெக்கால் தாள் பெரும்பாலும் அந்தக் காரின் வயதுதான் இருக்கும். மூக்கு எண்ணுக்கு உதிரி கிடைப்பது அபூர்வம். கிழிந்தால் கிழிந்ததுதான்.

டெக்கால் என்பது சாதாரண ஸ்டிக்கர் அல்ல. அடியில் ஒரு தாள், அதன்மேல் நீரில் கரையும் பசை, அதன்மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய படலம், அதில் அச்சிட்ட படம். தண்ணீரில் நனைத்தால் பசை இளகும், படம் தாளைவிட்டு நழுவும். சின்ன வயதில் பபிள்கம் பாக்கெட்டில் வந்த டாட்டூவை நனைத்துக் கையில் அழுத்தியிருப்பீர்கள். அதைக் கவிழ்த்து ஒட்ட வேண்டும். இதை நிமிர்ந்தபடியே நகர்த்த வேண்டும். அதுதான் வித்தியாசம்.

மதுரைக்காரர்களுக்கு முதல் எதிரி தண்ணீர்! பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு டெக்காலுக்கு அடியிலும் காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். ஆர்.ஓ. தண்ணீர் தேவலாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இன்னும் நல்லது. கடையில் தெளிவாகக் கேட்டு வாங்குங்கள், ஆசிட்டைக் கொடுத்துவிடப் போகிறார்கள்.

இரண்டாவது எதிரி தலைக்கு மேலே சுற்றுகிறது. சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் வீட்டில் அடிதடியே நடக்கும். ஆனால், அந்தக் காற்றில் டெக்கால் இடம் சேர்வதற்குள் காய்ந்து சுருண்டுவிடும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், இது அம்மியைவிடக் கொஞ்சம் லேசு! ஜன்னலைச் சாத்திவிட்டு விடிகாலையில் உட்காருவது உத்தமம்.

அதற்கு முன் காரின் பெயின்ட்டைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான மேட் பெயின்ட்டில் ஒட்டினால், நுண்ணிய பள்ளங்களில் காற்று சிக்கி, படலத்துக்கு அடியில் வெள்ளி போல மினுக்கும். ‘சில்வரிங்’ என்று பெயர். எத்தனை அழகாக ஒட்டினாலும் ‘இது ஸ்டிக்கர்’ என்று காட்டிக் கொடுத்துவிடும். கிளாஸ் கிளியர் கோட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஆரம்பியுங்கள்.

எடுத்ததும் ‘19’-ல் கை வைக்க வேண்டாம். தேவையில்லாத சின்ன லோகோ ஒன்றை நனைத்துப் பாருங்கள். தண்ணீரில் அது துண்டு துண்டாக உடைந்தால் தாள் மூப்படைந்துவிட்டது என்று அர்த்தம். தாள் முழுவதும் கிளியர் லேக்கரை மெல்லிசாக அடித்துக் காயவிட்டால் புதுப் படலம் கிடைக்கும். பிறகு ஒவ்வொரு படத்தையும் ஓரத்தை ஒட்டி வெட்ட வேண்டும். தாள் பழுப்பேறியிருந்தால், பிளாஸ்டிக் உறையில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டி வையுங்கள். வெயில் பழுப்பை வெளுக்கும். மதுரையில் வெயிலுக்கா பஞ்சம்?

இனி ‘19’. இருபது, முப்பது விநாடி நனைத்து, டிஷ்யூ மேல் ஒரு நிமிடம் வையுங்கள். விரலால் தொட்டால் நழுவ வேண்டும், நழுவாவிட்டால் இழுக்காதீர்கள். ஒட்டும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, தாளோடு கொண்டுபோய், ஈரத் தூரிகையால் படத்தை மட்டும் தள்ளுங்கள். நேராக அமர்ந்ததும் பஞ்சுக் குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றி ஈரத்தை எடுங்கள்.

மூக்கின் வளைவில் படியவில்லையா? மைக்ரோ சால், மார்க் சாஃப்டர் போன்ற திரவங்கள் இருக்கின்றன. தூரிகையில் தொட்டுத் தடவியதும் படம் கிழவியின் கன்னம் போலச் சுருங்கும். பதறிப்போய் விரல் வைத்தால் கதை முடிந்தது! சும்மா விடுங்கள், காயும்போது தானே படிந்துவிடும். இந்தத் திரவம் சில அக்ரிலிக் பெயின்ட்டையும் கரைக்கும், மறைவான இடத்தில் சோதித்துக்கொள்ளுங்கள்.

தாளில் சிகரெட் பெயர்கள் இல்லையே என்று சிலர் கேட்பார்கள். பல மாடல் நிறுவனங்கள் அவற்றை அச்சிடுவதை நிறுத்திவிட்டன. தனியாக விற்கும் சிறு நிறுவனங்கள் உண்டு. சிகரெட் விளம்பரம் தடைசெய்யப்பட்ட நாடுகளில் ஜோர்டான் அணியே ஒரு தந்திரம் செய்தது. ‘பென்சன் அண்ட் ஹெட்ஜஸ்’ என்ற பெயரில் சில ஆங்கில எழுத்துகளை உருவிவிட்டு ‘பி ஆன் எட்ஜ்’ என்று எழுதி ஓடியது. குழந்தைகள் பார்க்கும் ஷோகேஸுக்கு இது போதுமே! சரித்திரமும் பொய்யாகாது.

ஒரு நாள் முழுக்கக் காயட்டும். மிச்சமிருக்கும் பசையை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கிளியர் கோட்டைத் தூவுவது போல மெல்லிசாக அடியுங்கள். ஒரேயடியாக ஈரம் சொட்ட அடித்தால், இவ்வளவு பாடுபட்டு ஒட்டிய ‘19’-ஐ லேக்கரே கரைத்துவிடும்.