வயலினும் சேமநிதியும்

போன வெள்ளிக்கிழமை காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தால் அக்காவிடமிருந்து ஏழு அழைப்புகள். பதறிப்போய்க் கூப்பிட்டேன். "உங்க அத்தான் இபிஎஃப் பணத்தை எடுக்கப் போறாராம். நீயே வந்து பேசு!"

அக்கா மகள் ஆறாம் படிவம் முடிக்கப் போகிறாள். ஏழு வயதிலிருந்து கர்நாடக வயலின். இசை ஆசிரியையாக வேண்டுமாம். ஒரு தனியார் கல்லூரி 70,000 வெள்ளிக்கு இசைப் பட்டம் என்று பளபளப்பான கையேடு கொடுத்திருக்கிறது. பிள்ளைகளின் மேற்படிப்புக்குச் சேமநிதியில் எடுக்கலாம் என்பதால் அத்தான் துணிந்துவிட்டார்.

கையேட்டைப் புரட்டினேன். அது வாசிப்புக் கலைக்கான பட்டம்; மேடைக்குத் தயார் செய்யும். முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிப் பாடம் நடத்துவது, பள்ளியில் பயிற்றுப்பணி எல்லாம் இசைக் கல்விப் பட்டத்தில்தான் வரும். இரண்டும் ஒன்றென்று நினைத்துப் பணம் கட்டுகிறவர்கள் நம்மிடையே நிறைய.

தஞ்சோங் மாலிம் உப்சி என்றால் நமக்குத் தமிழாசிரியர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அங்கே இசைக் கல்வியிலும் இளங்கலைப் பட்டம் உண்டு. யூபியூ வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் ஒரு பருவக் கட்டணம் நல்ல வயலின் விலையைக்கூட எட்டாது. கொமுட்டர் ரயில் அங்கே வரை ஓடுகிறது. வார இறுதியில் வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். தனியார்தான் வேண்டுமென்றால் எம்கியூஏ அங்கீகாரத்தை முதலில் பாருங்கள். அது இல்லாத படிப்புக்குப் பிடிபிடிஎன் கடனும் கிடைக்காது.

சிக்கல் வேறு இடத்தில். நம் பிள்ளைகள் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலின் தலையைக் காலில் ஊன்றி வாசித்துப் பழகியவர்கள். தந்திகளும் ச-ப-ச-ப. மேற்கத்திய முறையிலோ நின்றுகொண்டு தாடையில் தாங்க வேண்டும்; சுருதி கூட்டுவதே வேறு. ஐந்து கோட்டுத் தாளைப் பார்த்து வாசிக்கவும் தெரிய வேண்டும். மோகன வர்ணத்தை இரண்டு காலத்தில் வாசிக்கிறவள் அந்தத் தாளைப் பார்த்ததும், "சித்தி, எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்று அழுதுவிட்டாள். காதுதான் பெரிய சொத்து, எழுத்தைக் கற்றுக்கொள்ளலாம் என்றேன். இந்தத் தயாரிப்பை ஆறாம் படிவம் தொடங்கும்போதே செய்திருக்க வேண்டும். பெற்றோர்களே, குறித்துக்கொள்ளுங்கள்.

நான் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது இசைப் பாட நேரத்தில் கணக்குதான் நடக்கும். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அதனாலோ என்னவோ, இவள் விஷயத்தில் எனக்கும் பிடிவாதம் வந்துவிட்டது.

இப்போது சனிக்கிழமைதோறும் பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஆசிரியரிடம் நோட்டு படிக்கிறாள். மணிக்கு 60 வெள்ளி, செலவு என்னுடையது. அத்தான் சேமநிதி பாரத்தை மடித்து வைத்துவிட்டார். கையேட்டை மட்டும் தூக்கிப் போடவில்லை. டிவிக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது.