ஜவுளிக்கடை முதலாளிக்கு ஒரு விற்பனையாளரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு,

தங்கள் பெயரையோ கடையின் பெயரையோ இங்கே நான் எழுதவில்லை. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும், லீவு கேட்டு, "தீபாவளி முடியட்டும்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு மறுபடியும் கவுண்டரில் போய் நின்றவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் வெளிப்படையாக எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்று, "வீட்டில் நல்லது கெட்டது என்றால் தயங்காமல் கேள், இல்லையென்று சொல்ல மாட்டோம்" என்றீர்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் 2025 அக்டோபரில், தீபாவளிக்கு முந்தைய வாரம், இரண்டு நாள் லீவு கேட்டேன். மேலாளர் விண்ணப்பத்தைக் கையில் வாங்கவே இல்லை. தங்களிடம் வந்தேன். "தீபாவளி முடியட்டும்" என்றீர்கள். தாங்கள் குரலை உயர்த்தவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் எதற்காக லீவு என்று தாங்களும் கேட்கவில்லை.

இப்போது சொல்கிறேன். அந்த ஆண்டு ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்தார்கள். காலத்தோடு தண்ணீர் வந்ததால் குத்தகை நிலத்தில் அப்பா குறுவை போட்டார். அறுத்த நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிக் கிடந்தது. எங்கள் முறை வரும்வரை, வெயில் தெரிந்தால் பரப்பிக் காயவிட வேண்டும்; மேகம் கூடினால் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். ஓர் ஆள் செய்து முடிக்கிற வேலை இல்லை அது. அப்பாவால் குனிய முடியாது. அம்மா தனியாகப் போராடினார். அக்டோபர் 16ஆம் தேதி வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. 20ஆம் தேதி தீபாவளி. டெல்டாவில் நெல் முளைத்துப்போன செய்தியைத் தாங்களும் படித்திருப்பீர்கள். ஈரப்பதத்தை ஆய்வு செய்ய மத்தியக் குழுவே வந்து போனது. முளைத்த குவியல்களில் ஒன்று எங்களுடையது. பொதுரக நெல்லுக்கு அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். எங்களுக்கு அது கிடைக்கவில்லை.

மழைக்கும் கொள்முதல் தாமதத்துக்கும் தாங்கள் பொறுப்பல்ல. நான் போயிருந்தால் முழுவதையும் காப்பாற்றியிருப்பேன் என்றும் சொல்லவில்லை. பாதியையாவது காப்பாற்றியிருப்போம்.

தீபாவளிக்கு நம் கடை ஏறி வருகிறவர்கள் யார் என்று தங்களுக்குத் தெரியும். ஒரத்தநாடு, பாபநாசம், அம்மாப்பேட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள். நெல் போட்ட பணம் கைக்கு வந்திருந்தால் வீட்டில் எல்லாருக்கும் எடுப்பார்கள். வராவிட்டால் பிள்ளைகளுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, பெரியவர்களுக்குப் பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிடுவார்கள். துணியை விரித்துக் காட்டுகிற நான் அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். குறுவை நெல் விலையானால்தான் நம் கல்லாவும் நிறையும். அந்த நெல்லைக் காக்கத்தான் நான் லீவு கேட்டேன்.

லீவு சலுகையும் அல்ல. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் தற்செயல் விடுப்புத் தருகிறது. நோய்க்கு 12 நாள் தனி. ஓராண்டு வேலை பார்த்தவருக்கு இன்னொரு 12 நாளும் உண்டு. இதே சட்டத்தை 2021இல் திருத்தி, கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்றபோது தாங்கள் ஸ்டூல் வாங்கிப் போட்டீர்கள். எங்கள் கால்கள் அதற்கு நன்றி சொல்கின்றன. திருத்தத்தை மதித்த தாங்கள் மூலச் சட்டத்தையும் மதிக்க வேண்டும் என்றே கேட்கிறேன்.

பண்டிகை நேரத்தில் கடைக்கு ஆள் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். யாருக்கு வயல் இருக்கிறது, எப்போது அறுப்பு என்று சீசனுக்கு முன்பே கேட்டு, முறை வைத்து அனுப்பலாம். ஒருவர் இல்லாத நாளில் பக்கத்துக் கவுண்டர்க்காரர் சேர்த்துப் பார்த்துக்கொள்வார், நாங்கள் பேசிவிட்டோம்.

உடன் வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. லீவை வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது.

முதலாளி அவர்களே, அடுத்தது சம்பா அறுவடை. நாள் குறித்ததும் எழுத்தில் விண்ணப்பம் தருகிறேன். முடியும், முடியாது எதுவானாலும் காரணத்தோடு தங்கள் பதிலையும் எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் கடை விற்பனையாளர்களில் ஒருவன்