பதிந்தது நாம், பூட்டியது யார்?

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு தோழர் மனம் நொந்து கடிதம் எழுதியிருக்கிறார். அரிசி ஆலையில் மூட்டை சுமப்பவர் அவர். காலையில் வேலைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவார்.

2022 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றத்தின் கேள்வி நேரம் தொலைக்காட்சியில் நேரலையாக வரத் தொடங்கிற்று அல்லவா? அது அவருடைய ஊருக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி தந்த செய்தி. 2021இல் அமைந்த அந்த மன்றத்தின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், கீழ்பென்னாத்தூர்த் தொகுதியின் உறுப்பினர் கு. பிச்சாண்டி. ஊரார் பெருமையோடு பார்த்தனர். ஆனால் கேள்வி நேரம் நடப்பது காலையில். அந்த நேரத்தில் நமது தோழரின் முதுகில் மூட்டை!

என்ன செய்தார்? சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, பதிவு செய்யும் வசதியுள்ள செட்டாப் பெட்டியும் அதில் மாட்டும் ஹார்டு டிஸ்க்கும் வாங்கினார். பகலில் பெட்டி பதியும். இரவில் தோழர் பார்ப்பார். எந்த அமைச்சர், எந்த ஏரிக்கு, எந்தச் சாலைக்கு என்ன உறுதி தந்தார் என்று நோட்டில் குறித்துக்கொள்வார். அப்படிச் சேர்ந்தது ஒரு பெரும் புதையல்.

பெட்டி பழுதாயிற்று. புதுப் பெட்டி வந்தது. பழைய டிஸ்க்கை அதில் மாட்டினார். "ஃபார்மட் செய்தால்தான் ஏற்பேன்" என்றது புதுப் பெட்டி. அதாவது, உள்ளே உள்ளதையெல்லாம் அழித்துவிட்டு வா என்றது! கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். கோப்புகள் இருக்கின்றன, ஒன்றுகூடத் திறக்கவில்லை.

"என் வீடு, என் பெட்டி, என் டிஸ்க், நான் கட்டிய பணம். பதிவு மட்டும் என்னுடையது இல்லையா?" என்று கேட்கிறார் தோழர். இது ஒருவர் வீட்டுக் கேள்வியல்ல. உழைக்கும் மக்கள் அனைவரும் கேட்க வேண்டிய கேள்வி.

நடந்தது இதுதான். கட்டணச் சேனல்கள் சங்கேத வடிவில் வருகின்றன. பெட்டி அதைப் பிரித்துத் திரையில் காட்டுகிறது. டிஸ்க்கில் பதியும்போதோ தனக்கே உரிய சாவியால் பூட்டிப் பதிகிறது. அந்தச் சாவி பெட்டியின் வயிற்றுக்குள் இருக்கிறது. பெட்டி செத்தால் சாவியும் செத்தது. டிஸ்க் நம் கையில். உள்ளிருக்கும் பொருள் மட்டும் நமக்கு எட்டாது.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 39ஆவது பிரிவு உண்டு. ஒளிபரப்பை ஒருவர் தமது சொந்த உபயோகத்துக்காகப் பதிந்து வைத்துக்கொள்வது ஒளிபரப்பாளரின் உரிமையை மீறியதாகாது என்கிறது அது. மெய்யான கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் பதிவதற்கும் அதே பாதுகாப்பு உண்டு. அமெரிக்காவிலும் இதே வழக்கு எழுந்தது. வீட்டில் பதிந்து வேறு நேரத்தில் பார்ப்பது குற்றமல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது. சட்டம் கொடுத்ததைப் பெட்டி பறிக்கிறது, இதுதான் வேடிக்கை!

"பூட்டாவிட்டால் திருட்டு வீடியோக்காரன் கொள்ளையடிப்பானே" என்பார்கள் கம்பெனிக்காரர்கள். அந்தக் கவலை நியாயமானதே. நகலெடுத்து விற்பவனைப் பிடிக்கட்டும், தண்டிக்கட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் திருடன் வருவான் என்று சொல்லி வீட்டுக்காரனையே வெளியே நிறுத்திப் பூட்டுவது எந்த ஊர் நியாயம்?

"எல்லாம் யூடியூபில் கிடைக்குமே" என்பார் சிலர். போட்டவர் நினைத்தால் நாளையே எடுத்துவிடலாம். பிறர் திண்ணையில் வைத்த பொருள் நம் பொருள் ஆகாது.

காக்கத் தவறியவர்கள் ஏழைகள் மட்டுமா? 1969இல் சந்திரனில் மனிதன் நடந்ததைப் பதிந்த மூல நாடாக்கள், வேறு பதிவுக்காக அழிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று 2009இல் அமெரிக்காவின் நாசா நிறுவனமே ஒப்புக்கொண்டது. 1931இல் வந்த நமது முதல் பேசும் படம் 'காளிதாஸ்'. அதன் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. காத்தவர்களும் உண்டு. 1973 டிசம்பர் 19 அன்று சென்னைத் தியாகராய நகரில் தந்தை பெரியார் ஆற்றிய இறுதிப் பேருரையை நாம் இன்றும் கேட்கிறோம். யாரோ ஒலிப்பதிவு செய்தார்கள், பலர் நகலெடுத்தார்கள், அதனால் கேட்கிறோம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மரியன் ஸ்டோக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி, 2012இல் இறக்கும்வரை 30 ஆண்டுகளுக்கு மேல் இரவு பகலாகத் தொலைக்காட்சிச் செய்திகளைப் பதிந்தார். ஏறத்தாழ 70,000 வீடியோ நாடாக்கள்! ஆளுவோரும் முதலாளிகளும் நேற்றுச் சொன்னதை இன்று மாற்றினால், நேற்றைய சொல் மக்களிடம் இருக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

ஆகவே, தோழர்களே, செய்ய வேண்டியவை மூன்று.

ஒன்று: பெட்டி வாங்கும் முன்பே கேளுங்கள். "இதில் பதிந்தது கம்ப்யூட்டரில் ஓடுமா?" என்று கேட்டு, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கட்டணமில்லா சேனல்களைப் பிடிக்கும் எளிய பெட்டிகள் பலவற்றில், பென் டிரைவில் பதிந்த கோப்பு பூட்டின்றி ஓடும்.

இரண்டு: பெட்டி உயிரோடிருக்கும்போதே வெளியே எடுங்கள். பெட்டியின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களைச் சிறு கருவி ஒன்றின் வழியே கம்ப்யூட்டரில் இணைத்து, ஓடவிட்டே பதியலாம். ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். படத்தின் தெளிவும் சற்றுக் குறையும். ஆனாலும் பொருள் மிஞ்சும். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 1 முதல் 2 ஜிபி. ஒரு டெராபைட் டிஸ்க்கில் 500 மணி நேரம் அடங்கும். "ஃபார்மட்" என்று கேட்டால் மட்டும் அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள்!

மூன்று: ஒரே டிஸ்க்கை நம்பாதீர்கள். விழுந்தால் உடையும், ஈரம் பட்டால் கெடும். இரண்டு பிரதி எடுத்து, இரண்டையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள். தேதியும் பொருளும் எழுதி ஒட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இவை நாம் செய்பவை. அரசு செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. பெட்டியை மாற்றும்போது பழைய பதிவைப் புதுப் பெட்டியில் பார்க்க வழி செய்தாக வேண்டும் என்று கம்பெனிகளுக்கு விதி போட வேண்டும். 39ஆவது பிரிவு தந்த உரிமை ஏட்டோடு நின்றுவிடக்கூடாது.

மூட்டை சுமக்கும் தோழர் நேரமில்லாததால்தான் பதிந்தார். நேரம் உள்ளவனுக்கு நேரலை, நேரமற்றவனுக்குப் பதிவு. பதிவைப் பறிப்பது, உழைப்பவனின் நேரத்தை இரண்டாம் முறை பறிப்பதாகும். அதைப் பொறுத்துக்கொள்ளப் போகிறோமா?